இருபத்து மூன்றாம் ஸ்வரம்

திருச்சிப் பக்கம் கல்யாண வீடுகளில் கச்சேரி கேட்டவர்களுக்கு இருதயராஜைத் தெரியும். முகம் மறந்திருக்கலாம். விரல்கள் மறந்திருக்காது.

முப்பத்தோரு வருஷம் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். மேடை ஏறியதும், முதல் பாட்டுக்கு முன்னால், தனியாக ஒரு சின்ன மெட்டு வாசிப்பார். அவரே கட்டியது. அதற்குப் பெயர் கிடையாது. மொத்தம் நாற்பது விநாடிதான். அந்த நாற்பது விநாடிக்குள் பந்தியில் இருப்பவர்கள் இலையில் வைத்த கையை அப்படியே விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது ஆனபோது, லால்குடியில் ஒரு வரவேற்பில், அந்த மெட்டின் நடுவில் வலது கை மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. நிமிர்த்தினார். மறுபடி மடங்கியது. இடது கையால் பிடித்து இழுத்துவிட்டு வாசித்துப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில ஒண்ணும் இல்ல சார். எலும்பு, சதை எல்லாம் நல்லா இருக்கு. மூளை அந்த விரலுக்கு அனுப்பற செய்தி குழம்பிப்போச்சு. ஒரே வேலையை லட்சம் தடவை செஞ்சவங்கள்ல சில பேருக்கு இப்படி வரும்."

"சட்டைக்குப் பொத்தான் போட முடியுதே?"

"முடியும். கையெழுத்துப் போட முடியும், சோறு பிசைய முடியும். வாசிக்கத்தான் முடியாது."

ஊசி போட்டார்கள். பயிற்சி கொடுத்தார்கள். எட்டு மாதம் ஓடியது. ஆர்கெஸ்ட்ராவில் வேறு ஆள் வந்துவிட்டான். இருதயராஜ் மாதா கோயிலுக்குப் போனால் வலது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். கீபோர்டை யாருக்காவது விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னார். அவர் மனைவி அருள்மேரி இரண்டு தடவையும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

பழைய டிரம்ஸ்காரர் ஒருவர்தான் நசீமாவைப் பற்றிச் சொன்னார்.

"பாலக்கரையில இருக்காங்க. வாசிக்க மாட்டாங்க. சீக்வென்ஸர் மெஷின்ல ஒவ்வொரு ஸ்வரமா உட்கார்ந்து போடுவாங்க. அதுக்கு வேகம் வேண்டாம். ஒரு விரல் போதும்."

இருதயராஜுக்கு அந்த ஆட்களைத் தெரியும். பொத்தான் பார்ட்டி என்று மேடைக்குப் பின்னால் அவர்களைக் கேலி பண்ணியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஒரு நாள் காலை கிளம்பிப் போனார்.

கீழே மோட்டார் காயில் கட்டும் கடை. பக்கவாட்டில் மாடிப்படி. ஏறும்போதே வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

நசீமாவுக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். கூரியர் ஆபீஸ் ஒன்றில் ஆறு வருஷம் முகவரி டைப் செய்துகொண்டிருந்தவர். அவருடைய அத்தா மைக்செட் கடை வைத்திருந்தார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன ஒரு சீக்வென்ஸர் அங்கே கிடந்தது. அதன் கூட வந்த புத்தகத்தைப் படித்துத்தான் நசீமா இசைக்குள் வந்தார். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் சென்னையிலிருந்து இசையமைப்பாளர்கள் அந்த மாடியைத் தேடி ஆள் அனுப்பினார்கள்.

"சொல்லுங்கண்ணே."

"கத்துக்கணும்."

"என்னத்த?"

"ஸ்வரத்தை ஒண்ணொண்ணா மெஷின்ல போடறத."

"அது பத்து நிமிஷத்துல வந்துரும். எதுக்கு?"

இருதயராஜ் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த விரலைத்தான் பார்ப்பார்கள். நசீமா பார்க்கவில்லை.

"என்ன போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

"என் மெட்டு ஒண்ணு இருக்கு. இனிமே அதை வாசிக்க ஆள் இல்ல."

"வீடியோ இருக்குமே?"

"இருக்கு. கூட்டத்துச் சத்தம், பாத்திரச் சத்தம். அதுக்கு அடியில எங்கயோ என் மெட்டு."

நசீமா நாற்காலியை இழுத்துப் போட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய மெஷின். இரண்டு வரி எழுத்து மட்டும் தெரிகிற சின்னத் திரை. ரப்பர் தேய்ந்துபோன ஒரு சக்கரம். பக்கத்தில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு குட்டிக் கீபோர்டு.

"இது ஓடாதுண்ணே. நிக்கும். ஸ்வரம் எவ்வளவு நீளம்னு முதல்ல சொல்லணும். அப்புறம் கட்டையை அமுக்கணும். எழுதிக்கிட்டு ஒரு படி தள்ளிப் போய் நிக்கும், அடுத்ததுக்காக. மௌனம் வேணும்னா இந்தப் பொத்தான். அதுக்கும் ஒரு படி தள்ளும். எல்லாம் போட்டு முடிச்சப்புறம் ஓட விட்டுக் கேட்கலாம்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கரண்ட் இருக்கற வரைக்கும்."

இருதயராஜ் நாலு ஸ்வரம் போட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்தது. அதோடு வேறு என்னவோவும் வந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது சங்கீதமா? செங்கல் அடுக்கற வேலை மாதிரில்ல இருக்கு?"

நசீமா மெஷின் பக்கம் சாய்ந்தார். வேறொரு பொத்தானை அமுக்கிவிட்டு ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

வயலின்கள் எழுந்தன. பத்துப் பேர் இருக்கலாம். அவர்களுக்குக் கீழே நாலைந்து செல்லோ. இருதயராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்கத் தெரிந்தவர் அவர். வில் மேலிருந்து கீழே திரும்பும் இடம் கேட்டது. இரண்டாவது வரிசையில் ஒருத்தர் மயிரிழை முந்திப் போவதும், பிறகு மற்றவர்களோடு வந்து சேருவதும் கேட்டது. ஒரு இடத்தில் எல்லாரும் சேர்ந்து மூச்சு வாங்கிய மாதிரி இருந்தது. அவரும் வாங்கினார்.

முடிந்தபோது கீழே காயில் கடையில் சுத்தியல் சத்தம் திரும்ப வந்தது. அதுவரை அது கேட்கவே இல்லை.

"யாரு வாசிச்சது? சென்னை ஆளுங்களா?"

"யாரும் வாசிக்கலண்ணே."

இருதயராஜ் ஸ்பீக்கரைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். தேய்ந்த சக்கரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் இதுலயா? ஒண்ணொண்ணாவா?"

"ஒண்ணொண்ணா."

"எத்தனை நாள்?"

"போன ஜூலைல ஆரம்பிச்சேன். இந்த ஜூன்ல முடிஞ்சுது."

"ரெண்டரை நிமிஷத்துக்கா?"

"ஆமா."

அவர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பூசையில் எல்லாரும் எழும்போது எழுவதுபோல எழுந்துவிட்டார்.

"நாளைக்கு வரலாமா, டீச்சர்?"

"வாங்க."

மறுநாள் காலை உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. சாயங்காலத்துக்குள் மெட்டின் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்வரங்களையும் போட்டு முடித்துவிட்டார். வேகத்தில் பேர் வாங்கியவர் அல்லவா. ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

ஓடவிட்டார்.

வாசல் மணி அடித்த மாதிரி இருந்தது. யாரோ வீட்டு வாசலில் நின்றுகொண்டு பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நாற்பது விநாடி அடித்த மாதிரி.

"எல்லா ஸ்வரமும் சரிதானே டீச்சர்?"

"சரிதான்."

"அப்புறம் ஏன் செத்துக் கிடக்கு?"

நசீமா அவருக்குப் பக்கத்தில் வந்தார். சக்கரத்தைத் திருப்பினார். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினார். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றன.

"என்ன பண்ணீங்க?"

"அழிச்சுட்டேன். முதல் ஸ்வரத்தை மட்டும் விட்டிருக்கேன்."

"ஒரு நாள் உழைப்பு டீச்சர்!"

"இதுக்கு எவ்வளவு சத்தம்ணே? ஒண்ணுல இருந்து நூத்து இருபத்தேழு வரைக்கும் இருக்கு. நீங்க எல்லாத்துக்கும் நூறு வச்சிருந்தீங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது கைக்குத் தெரியும்."

"சரி. கையைக் கேளுங்க."

"என் கை செத்துப்போச்சுன்னுதானே இங்க வந்திருக்கேன்!"

சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. கீழே சுத்தியல் நின்று, மறுபடி ஆரம்பித்தது. இருதயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அருள்மேரி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். காலால் மிதிக்கிற தையல் மிஷின். மூன்றாம் நாள் மதியம் அவள் தைத்துக்கொண்டே எதையோ முனகிக்கொண்டிருந்தாள். இருதயராஜ் கட்டிலில் படுத்துக் கேட்டார். அவருடைய மெட்டு. மேடையில் ஓடுகிற ஓட்டத்தில் இல்லை, நடக்கிற நடையில். தையலின் ஓட்டமும் அதோடு ஒத்துப் போனது.

ஒரு இடத்தில் அவள் கால் நின்றது. பிறகு மிதித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு இடத்தில் நின்றது.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் அங்க நிறுத்தற?"

"எங்க?"

"இப்பப் பாடினியே, அதுல. காலை நிறுத்தினியே."

"நீங்க நிறுத்துவீங்க, நானும் நிறுத்தறேன்."

"நான் எங்க நிறுத்தறேன்? அது ஒரே ஓட்டம்."

அருள்மேரி துணியை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நல்லாச் சொன்னீங்க. அங்க ஒரு நிப்பு உண்டு. கண்ணு தெரியாதவங்க படி இறங்கறப்போ காலால தடவிப் பார்ப்பாங்கள்ல, அந்த மாதிரி. இருக்கா இல்லையான்னு தெரியாத அளவு. அது இல்லாம நீங்க ஒரு நாளும் வாசிச்சது இல்ல."

"எப்ப இருந்து?"

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க வீட்டு ஆர்மோனியத்துல வாசிச்சுக் காட்டினீங்களே, அப்ப இருந்து."

"திரும்பப் பாடு."

பாடினாள். அவர் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது இடத்தில் நின்றது. ஒன்பதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"சத்தம்? சத்தம் எங்க குறையும், எங்க ஏறும்?"

"அதெல்லாம் சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் ஜாக்கெட் தைக்கறேன்? போங்க, போய்க் கேட்க வேண்டிய இடத்துல கேளுங்க."

அவர் போனபோது மெஷின் அதே முதல் ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று நாள் ஏன் வரவில்லை என்று நசீமா கேட்கவில்லை. நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மேடையை நினைத்தார். விளக்கு வெளிச்சத்தை நினைத்தார். கட்டை விரல் முதல் கட்டையில் இறங்குவதை நினைத்தார். அது இறங்கும்போது மணிக்கட்டு எந்த உயரத்தில் இருந்தது?

"எழுபத்தெட்டு," என்றார்.

"போடுங்க."

போட்டார். கேட்டார்.

"இல்ல. எழுபத்து நாலு."

போட்டார். கேட்டார். கழுத்துக்குப் பின்னால் ஏதோ சிலிர்த்தது. ஒரே ஒரு ஸ்வரம். ஆனால் அது வாசல் மணி இல்லை. யாரோ ஒருத்தர் வாசிக்க உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரத்தில் ஐந்து ஸ்வரம் ஆனது. அடுத்த வாரம் நாலு.

நாளாக ஆக அவருக்குப் பயமாகக்கூட இருந்தது. சுண்டு விரல் எப்போதும் கட்டையை விட்டு எழ மனசில்லாமல் எழும். அது அவருக்குத் தெரியாது. நடு விரல் ஒரே ஸ்வரத்தை மூன்று தடவை அடித்தால் மூன்றாவது தடவைதான் மெல்ல விழும். அது தெரியாது. மேலே ஏறும்போது வேகம் கூடும் என்றுதான் நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். கூடவில்லை. குறைந்தது. ஒவ்வொன்றையும் எண்ணாக்கிப் போடும்போது, தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்து இத்தனை வருஷமும் வேலை பார்த்திருக்கிறார் என்று பட்டது.

"டீச்சர், இவ்வளவும் என் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏன் தெரியல?"

"நீங்க அதுகிட்ட எப்பவாவது கேட்டீங்களா?"



இருபத்து மூன்றாவது ஸ்வரத்தில் வேலை நின்றுவிட்டது.

அறுபது வைத்தார். சரியில்லை. ஐம்பத்திரண்டு. இல்லை. எழுபது. அதைவிட மோசம். இரண்டு நாள் முழுக்க அதே ஸ்வரம். கீழே காயில் கட்டுகிறவர் படியேறி வந்து, "மெஷின் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் நசீமா கேட்டார்.

"மேடையில இது எந்த விரல்ணே?"



"மோதிர விரல். மெட்டுல அது முதல் தடவை வர்ற இடம்."

"இங்க?"

"ஆட்காட்டி விரல்."

"வேற ஆளைக் கேட்டா எப்படித் தெரியும்?"

அவர் கையைப் பார்த்தார். பத்து மாதமாக அந்த விரலை அவர் எந்தக் கட்டையிலும் வைக்கவில்லை. வைத்தார். உள்ளே மடங்கப் போகிறது என்று காத்திருந்தார். மடங்கவில்லை. அடுத்து ஓட வேண்டிய கட்டை எதுவும் இல்லை. மெஷின் நின்றுகொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரே கட்டையில் விரல் ஒரு சாதாரண விரலாக இருந்தது.

அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், இதை யார்கிட்டயும் சொன்னது இல்ல. இது எப்பவுமே சொத்தை விரல். சின்ன வயசுல இருந்தே. லேட்டாத்தான் விழும். பலம் இல்லாமத்தான் விழும். கத்துக்கொடுத்த பாதர் ஸ்கேலால இந்த விரல்லயே தட்டுவாரு. அதை மறைக்கறதுக்குத்தான் அடுத்த ஸ்வரத்தை ஓங்கி அடிப்பேன். நான் வேகமா வாசிக்கப் பழகினதே இதுக்காகத்தான். வேகத்துல யாருக்கும் தெரியாதுல்ல."

நசீமா கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு லேட்டா விழும்?"

"அதையும் போடணுமா?"

"வேண்டாம்னா விட்டுரலாம்ணே. உங்க மெட்டு."

முதலில் விட்டுவிட்டுத்தான் போட்டுப் பார்த்தார். நேரத்துக்கு, நிறைவான சத்தத்தோடு, இத்தனை வருஷமாக அந்த ஸ்வரம் எப்படி விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ அப்படி. ஓடவிட்டார். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மெட்டு அந்த இடத்தை ஒன்றும் நடக்காத மாதிரி கடந்து போனது.

பிறகு அழித்தார். மெஷினில் ஒரு தாள அடி தொண்ணூற்றாறு துண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு துண்டு தள்ளிப் போட்டார். மூன்று. ஐந்து. சத்தத்தை முப்பத்தெட்டுக்கு இறக்கினார்.

முதல் ஸ்வரத்திலிருந்து ஓடவிட்டார்.

இருபத்திரண்டு ஸ்வரங்கள் ஏறி வந்தன. இருபத்து மூன்றாவது வரவில்லையோ என்று நெஞ்சு ஒரு கணம் வெறுமையானது. வந்தது. பிந்தி, மெலிந்து, இருப்பதற்கு அனுமதி கேட்கிற மாதிரி.

இருதயராஜின் இரண்டு கையிலும் மயிர் எழுந்து நின்றது. இதுதான் அந்த இடம். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் இடம். எதைக் கேட்டுத் திரும்பினார்கள் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை. குட்டிக் கீபோர்டில் வலது கையை முழுசாக வைத்து மெட்டை முதலிலிருந்து வாசிக்கப் போனார். ஏழாவது ஸ்வரத்தில் விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது.

நசீமா எழுந்துபோய் இரண்டு டீ போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. நல்ல காய்ச்சல். ஆறு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஏழாம் நாள் காலை, தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, அருள்மேரி தடுத்தும் கேட்காமல் பஸ் ஏறி வந்து இருபத்து நாலாவது ஸ்வரத்தைப் போட்டார். சத்தம் அறுபத்தொன்று. ஓங்கி அடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது.

அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது. மழை வந்து போனது. கிறிஸ்துமஸ் வந்து போனது. ஒரு நாள் மூன்று ஸ்வரம், ஒரு நாள் ஒன்று, சில நாள் போட்டதை அழிப்பது மட்டும். குருத்தோலை ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை மதியம் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஸ்வரம் விழுந்தது. மெஷின் ஒரு படி தள்ளிப் போய் நின்றது.

"இனிமே இல்ல டீச்சர்."

"ஓட விடுங்க."

அவருக்குக் கை வரவில்லை. நசீமாதான் அமுக்கினார்.

இருதயராஜ் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை அசையவில்லை. அவை வாசித்துக்கொண்டிருந்தன. கட்டை விரல் எழுந்தது, சுண்டு விரல் தயங்கியது, மணிக்கட்டு தாழ்ந்தது, எல்லாம் கேட்டது. மடியில் இருந்தவை சும்மா இருந்தன. எந்தக் கையை நம்புவது என்று தெரியாமல் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மெட்டு முடிந்தபோது வாசலில் காயில் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் செம்புக் கம்பிச் சுருள். ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"மணப்பாறையில எங்க அக்கா கல்யாணத்துல கேட்டிருக்கேன்மா. இருபது வருஷம் இருக்கும். அதே ஆளுதான். வேற யாருக்கும் இப்படி வராது. அவரு வந்திருக்காரா?"

நசீமா இருதயராஜைக் காட்டினார். அந்த ஆள் கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இறங்கிப் போய்விட்டார். கீழே ரொம்ப நேரம் சுத்தியல் சத்தமே இல்லை.

இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கண்ணே."

"இருபத்து மூணாவது ஸ்வரத்தைப் போட்ட அன்னிக்குத்தான் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. அடுத்ததைப் போட ஆறு நாள் ஆயிருச்சு. இப்பக் கேட்டேன். ரெண்டுக்கும் நடுவுல கண்ணைச் சிமிட்டக்கூட நேரம் இல்ல. அந்த ஆறு நாள் எங்க போச்சு?"



"அந்த ஆறு நாளும் என்ன பண்ணீங்க?"

"படுத்துக் கிடந்தேன்."

"சும்மாவா?"

"இல்ல. காதுல அந்த ஸ்வரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தூங்கினாலும் கேட்டுச்சு. முழிச்சாலும் கேட்டுச்சு. கடைசி நாள் விடிஞ்சப்புறம்தான் அடங்குச்சு. அப்புறம்தான் எழுந்து வந்தேன்."

நசீமா சக்கரத்தைத் திருப்பி இருபத்து மூன்றாவது ஸ்வரத்தில் நிறுத்தினார். மெஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் அந்த ஸ்வரத்துக்கு நேராக, நீளம் என்ற இடத்தில், ஒரு தாளச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு என்று இருந்தது.

"இந்த மெஷினுக்கு நீளத்தை அவ்வளவுதாண்ணே எழுதத் தெரியும்," என்றார்.